மெலிந்த எலும்பில் செயற்கை மூட்டு: சீமெந்தா, பூச்சா, மருந்தா?

மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு அம்மம்மா வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்தால், திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் பிள்ளைகளுக்கு முதல் குழப்பம் இதுதான்: செயற்கை மூட்டை எலும்புச் சீமெந்து (களியாக நிரப்பி இறுக விடும் பொருள்) போட்டுப் பொருத்துவதா, போடாமலா?

செயற்கை மூட்டில் தொடை எலும்புக்குள் இறங்கி நிற்கும் உலோகப் பகுதிதான் தண்டு. சீமெந்து போடாத பல தண்டுகளில் ஹைட்ரொக்சிஅபடைற் பூசியிருப்பார்கள். எலும்பில் இயல்பாகவே உள்ள தாது அது. அந்தப் பூச்சின் மேல் புது எலும்பு வளர்ந்து தண்டைப் பிடித்துக்கொள்ளும். திடமான எலும்புக்கு அருமையான வழி. ஆனால் தண்டு முதல் நாளே அசையாமல் நிற்க வேண்டும், பிறகு எலும்பு வளர வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நேரம் வேண்டும். எலும்புத் தேய்வு உள்ளவரிடம் இரண்டுக்குமே தட்டுப்பாடு. இறுக்கி அடித்தால் எலும்பு பிளக்கும். தளர்வாக விட்டால் தண்டு அசைந்து, எலும்புக்குப் பதிலாக நார்த்திசுதான் வளரும்.

சீமெந்து எலும்போடு ஒன்றாவதில்லை. பஞ்சு போன்ற எலும்பின் துளைகளுக்குள் புகுந்து சில நிமிடங்களில் இறுகிவிடும், அவ்வளவுதான். அதனால்தான் பெரும்பாலும் மறுநாளே கால் ஊன்றி நிற்க வைக்க முடிகிறது. 2022இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வில், இடுப்பு முறிந்த 60 வயதுக்கு மேற்பட்ட 1,225 பேரை ஒப்பிட்டார்கள். தண்டைச் சுற்றி எலும்பு மறுபடி முறிந்தது சீமெந்து போட்டவர்களில் 0.5 சதவீதம், போடாதவர்களில் 2.1 சதவீதம். சீமெந்தை அழுத்தி நிரப்பும்போது சிலருக்கு இரத்த அழுத்தமும் ஒட்சிசனும் சட்டென்று இறங்கலாம். இருதய வருத்தம், நெஞ்சு வருத்தம் இருந்தால் மயக்க மருந்து டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அப்படியிருந்தும், எழுபது தாண்டிய மெலிந்த எலும்புக்கு நான் சீமெந்தின் பக்கம்தான்.

மருந்து இந்த இரண்டுக்கும் போட்டியே இல்லை, எதைப் போட்டாலும் கூடவே வேண்டும். ரெரிபரரைட் எலும்பைக் கட்டியெழுப்பும். ஆனால் தினமும் ஊசி, குளிர்சாதனப் பெட்டி, பெரிய செலவு. சொலெட்ரோனிக் அமிலம் வருடத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதும், எலும்பு கரைவதைத் தடுக்கும். விலங்குகளில் இரண்டும் மூட்டின் பிடிமானத்தைக் கூட்டியுள்ளன. மனிதரில் அது அவ்வளவு தெளிவில்லை. ஆனால் இடுப்பு முறிந்தவர்களுக்குச் சொலெட்ரோனிக் அமிலம் ஏற்றியபோது புதிய முறிவுகள் 35 சதவீதம் குறைந்ததை 2007இலேயே காட்டிவிட்டார்கள்.

வருத்தம் என்னவென்றால், மூட்டைப் பற்றி அத்தனை கேட்கும் நாங்கள் இதைக் கேட்பதில்லை. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கேளுங்கள்: மருந்துக்கு முன் சிறுநீரகமும் விற்றமின் டியும் பார்த்தாயிற்றா, எலும்புக்கு மருந்து எப்போது தொடங்குவீர்கள்?