பொருளாதாரத்தை வேவு பார்க்க: இரவு வெளிச்சமா, மின்சாரமா, சரக்கு ரயிலா?

2007இல் சீனாவின் லியாவ்னிங் மாகாணக் கட்சிச் செயலாளராக இருந்தவர் லீ கெச்சியாங். அமெரிக்கத் தூதர் கொடுத்த விருந்தில், மாகாண ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) எண்கள் மனிதர்கள் உண்டாக்கியவை, அதனால் தான் மின் நுகர்வு, ரயில் சரக்கு, வங்கிக் கடன் மூன்றையும்தான் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். 2010இல் விக்கிலீக்ஸ் வழியாக இது வெளியே வந்தது. 2013இல் அவர் பிரதமரே ஆகிவிட்டார்! 2011 முதல் 2014 வரை நிதிக் கணக்குகளில் தில்லுமுல்லு நடந்ததை அதே மாகாணத்தின் ஆளுநர் 2017இல் ஒப்புக்கொண்டார். ஆக, லீயின் சந்தேகம் வீண் இல்லை.

சரி, நேரடிக் கணக்கை நம்ப முடியாதபோது எதை நம்புவது? வங்கிக் கடனை விட்டுவிடுகிறேன். மேலிடம் உத்தரவிட்டால் கடன் ஏறும், அவ்வளவுதான். அந்த இடத்தில் ஆய்வாளர்கள் இப்போது அதிகம் எடுத்தாளும், செயற்கைக்கோள் படத்தில் தெரியும் இரவு வெளிச்சத்தை வைத்துப் பார்ப்போம்.

முதலில் ரயில் சரக்கு. மூன்றில் இதுதான் பலவீனமானது. 2015இல் சீன ரயில் சரக்கு 10 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அரசு சொன்ன ஜிடிபி வளர்ச்சியோ 6.9 சதவீதம். பொய் அம்பலமாகிவிட்டது என்று பலர் எழுதினார்கள். ஆனால் ரயிலில் போவதில் பெரும்பகுதி நிலக்கரி. அதோடு இரும்புத் தாது, எஃகு. மந்தம் தட்டியது அந்தத் துறைகளில்தான், சேவைத் துறை அப்போதும் வளர்ந்துகொண்டிருந்தது. மென்பொருளும் மருத்துவமும் சரக்குப் பெட்டியில் ஏறுவதில்லையே. சரக்கு லாரிக்கு மாறிப்போனாலும் ரயில் கணக்கு இறங்கிவிடும்.

மின்சாரத்தின் பலம் வேகம். ஜிடிபி காலாண்டுக்கு ஒருமுறை வருகிறது, அப்புறம் திருத்தப்படுகிறது. மின் தேவையோ நொடிக்கு நொடி தெரியும். 2020 மார்ச்சில் இத்தாலி முடங்கியபோது சில நாட்களிலேயே மின் தேவை இறங்கியது கண்ணுக்குத் தெரிந்தது. குறை என்னவென்றால், வெயில் ஏறினால் ஏசி ஓடும், அதை வளர்ச்சி என்று எண்ணிவிடக்கூடாது. ஒரு டன் அலுமினியம் உருக்க 13,000 யூனிட்டுக்கு மேல் வேண்டும். அப்படி ஒரு ஆலையை மூடினால், மொத்த வருமானம் அதிகம் குறையாமலே மின் நுகர்வு படுத்துவிடும். இதெல்லாம் போக, இந்த எண்ணையும் வெளியிடுவது பெரும்பாலும் அரசு அமைப்புகள்தான்.

அங்கேதான் இரவு வெளிச்சம் ஜெயிக்கிறது. வானிலிருந்து எடுத்த படத்தில் உள்ளூர் அதிகாரி கைவைக்க முடியாது. மேகங்களைக் கவனிக்க அமெரிக்க ராணுவம் அனுப்பிய வானிலைச் செயற்கைக்கோள்களின் படங்களே, 1992 முதல் டிஜிட்டல் வடிவில், பொருளாதார ஆய்வுக்குப் பயன்பட்டன. ஆண்டு வளர்ச்சியைச் சர்வாதிகார நாடுகள் சுமார் 35 சதவீதம் ஊதிக்காட்டுகின்றன என்று 2022இல் பொருளாதார ஆய்வாளர் லூயிஸ் மார்ட்டினெஸ் மதிப்பிட்டது இந்த வெளிச்சத்தை ஜிடிபியோடு ஒப்பிட்டுத்தான். 5 சதவீத வளர்ச்சியை 6.75 என்று காட்டுவதுபோல.

ஆனால் வெளிச்சத்துக்கும் கோளாறு உண்டு. அந்தப் பழைய கருவி பிரகாசத்தை 0 முதல் 63 வரைதான் பதியும். மாநகர மையம் 63ஐத் தொட்டுவிட்டால், அதன்பின் எவ்வளவு வளர்ந்தாலும் அதே 63. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் எண்ணெய்க் கிணறுகளில் எரியும் வாயு, ஆளில்லாத வெளியைப் பெருநகரம்போலக் காட்டுகிறது. 2011இல் ஏவப்பட்ட புதிய கருவி பல மடங்கு துல்லியமானது. ஆனால் நீல ஒளி அதற்குச் சரியாகத் தெரியாது. தெருவிளக்குகளைச் சோடியத்திலிருந்து வெள்ளை எல்இடிக்கு மாற்றிய ஊர், படத்தில் மங்கிப்போனதாகத் தெரியலாம். வளர்ச்சி வேலை நடந்த ஊருக்குத் தண்டனை!

என் தேர்வு இது. நாட்டின் கணக்கிலேயே சந்தேகம், பார்க்க வேண்டியது பல ஆண்டுப் போக்கு என்றால் வெளிச்சம். கணக்கில் பெரிய சந்தேகம் இல்லை, இந்த மாத நிலவரம் உடனே வேண்டும் என்றால் மின்சாரம், அதுவும் வெப்பநிலையைக் கழித்துவிட்டு. ரயிலைக் கனரகத் தொழில் பற்றி மட்டும் கேளுங்கள். விவசாயமே பிரதானமான பகுதி என்றால் மூன்றும் அதிகம் உதவாது. பகலில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் பயிரின் பசுமையை அளப்பதே மேல்.