என் கதையைக் கேட்க அவசரப்படாத ஆலோசகர்

மதுரையில் ஏழு மாதங்களாக நான் போய்வரும் உளவியல் ஆலோசனை நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயரைச் சொன்னால் என்னை அடையாளம் கண்டுகொள்வார்கள், அதனால் சொல்லவில்லை. வேறு எங்கே போனாலும் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

எனக்கு 42 வயது. அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அடியாத மாடு படியாது என்று சொல்லியே என்னை வளர்த்தார்கள். வாசலில் அப்பா மொபெட்டை ஸ்டாண்டில் ஏற்றும் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பைத் தணிப்பாள். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அப்பா இறந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் பள்ளி வளாகத்தில் யாராவது ஸ்டாண்டு போட்டால் என் கையிலிருக்கும் சாக்பீஸ் நழுவும். இரவு மூன்று மணிக்கு வியர்த்து எழுவேன்.

முதலில் போன இடத்தில் ஐந்தே நிமிடத்தில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். "பெற்ற அப்பாதானே அடித்தார், மறந்துவிடுங்கள்" என்றார்கள். அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இங்கே ஆலோசகர் என்னைவிட இளையவர். முதல் நாளே, "டீச்சர், இன்றைக்கு எதையும் சொல்ல வேண்டாம். பாதம் தரையில் படுகிறதா என்று மட்டும் பாருங்கள்" என்றார். நான்கு அமர்வுகள் இப்படியே போயின. இரு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்து, தோள்களை மாறி மாறி மெல்லத் தட்டக் கற்றுக்கொடுத்தார். பட்டாம்பூச்சி அணைப்பு என்று இதற்குப் பெயர். மெக்சிகோவின் அகாபுல்கோவில் 1997ஆம் ஆண்டுப் புயலில் தப்பிய குழந்தைகளோடு வேலை செய்தபோது உருவான முறையாம். இப்போது ஆசிரியர் அறையிலேயே யாருக்கும் தெரியாமல் செய்துகொள்கிறேன்.

பிறகுதான் கண் அசைவைக் கொண்டு செய்யும் இ.எம்.டி.ஆர். என்ற சிகிச்சை தொடங்கியது. பழைய காட்சியை மனத்தில் நிறுத்தியபடி, இடமும் வலமும் நகரும் அவருடைய விரல்களைக் கண்ணால் தொடர வேண்டும். ஃபிரான்சின் ஷாபிரோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் தொடங்கிய முறை இது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சலுக்கு உலக சுகாதார நிறுவனமே 2013இல் பரிந்துரைத்திருக்கிறது. விரலைப் பார்த்தால் அடி மறந்துபோகுமா என்று கேட்டேன். "மறக்காது. நினைவு வரும்போது உடம்பு இப்படிப் பதறாது" என்றார். வேதனைக்குப் பூஜ்யம் முதல் பத்துவரை மதிப்பெண் போடச் சொன்னார். பத்து போட்டேன்.

ஒன்பதாவது அமர்வில் அந்த அரிசிச் சாக்கின் நெடி மூக்கில் ஏறியது. மூட்டை இடுக்கு வழியே அம்மாவின் கால்கள் தெரிந்தன. அவளுக்குப் பின்னால் கொல்லைக் கதவு திறந்தே இருந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாமே அம்மா என்று கத்திவிட்டேன். அப்பாமேல் இருந்ததாக நான் நினைத்திருந்த கோபத்தில் பாதி அவள்மேல் இருந்தது. ஆலோசகர் சமாதானம் சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டிவிட்டு, நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். அந்த வாரம் கெட்ட கனவுகள் வரலாம் என்று முன்பே எச்சரித்திருந்தார், வந்தன. புதன்கிழமை போன் செய்தேன். பத்து நிமிடம் பேசினார், அதற்குக் கட்டணம் வாங்கவில்லை.

இப்போது அந்தக் காட்சிக்கு நான் போடும் மதிப்பெண் மூன்று.

குறைகளும் உண்டு. தடுப்புச் சுவர் மெல்லியது. உள்ளே அழுவது வரவேற்பறைவரை கேட்கிறது. சொன்ன பிறகு நாற்காலிகளைத் தள்ளிப் போட்டார்கள், அது போதாது. சனிக்கிழமை வேண்டுமென்றால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அமர்வுக்கு 1,200 ரூபாய். என் சம்பளத்துக்குத் தாங்கும், எங்கள் பள்ளிச் சத்துணவுச் சமையலர் அக்காவுக்குத் தாங்காது. அவருக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கொடுத்தேன். 2022 முதல் இயங்கும் அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். இத்தனை அமர்வுகளுக்கு அது ஈடாகாது. ஆனாலும் முதல் வார்த்தையைச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கும்.

குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணை என் வகுப்புக் கரும்பலகையின் வலது மூலையில் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் 'அழிக்காதீர்' என்றும் எழுதியிருக்கிறேன்.