இன்ஜின் வேலைக்குப் பிறகு லைட் மங்குகிறதா? முதலில் யாரிடம் போவது?

ஹெட் கேஸ்கெட் போனதால் இன்ஜினை இறக்கிப் பிரித்து, பதினொரு நாள் கழித்து என் டீசல் கார் கைக்கு வந்தது. சத்தம் இல்லை, இழுவையும் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் தேனிக்குப் போய்விட்டு இரவில் திரும்பினேன். ஆண்டிபட்டி கணவாய் தாண்டி உசிலம்பட்டியை நெருங்கும்போது ஏசியைப் போட்டால் ஹெட்லைட் மங்கியது. டீக்கடையில் நிறுத்திவிட்டு மறுபடி செல்ஃப் அடித்தால் மோட்டார் முக்கி முக்கிச் சுற்றியது. நாகமலை புதுக்கோட்டை வருகிறவரை வயிற்றைக் கலக்கியது.

மறுநாள் ஆளுக்கொரு யோசனை. பக்கத்து வீட்டு அண்ணன் புது பேட்டரி போடச் சொன்னார். மச்சான் கம்பெனி சர்வீஸுக்கு விடச் சொன்னார். இன்னொருவர் நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியன் இருக்கிறார், வாருங்கள் என்றார். இன்ஜின் வேலை பார்த்தவரிடமே போவதை யாரும் சொல்லவில்லை. இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: அரை மணி நேரம் நாமே மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும், அப்புறம் இன்ஜினைப் பிரித்தவரிடமே போக வேண்டும். மற்றவர்கள் அதற்குப் பிறகுதான்.

பேட்டரி கடை யோசனையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். பட்டறையில் நாள் கணக்காக நின்ற வண்டியில் இது இறங்கியிருக்கலாம். சார்ஜ் ஏற்றிப் பார்த்தால் போதும். புது பேட்டரி வாங்கிப் போட்டால் உண்மையான கோளாறு சில நாள் மறைந்திருக்கும், அவ்வளவுதான்.

சொந்தக் கையால் பார்ப்பதற்குச் சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். இன்ஜினை ஓடவிட்டு பேட்டரி முனைகளில் அளந்தால் பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால் ஆல்டர்னேட்டரின் (ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி) தடித்த ஒயர், அதன் கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு), பெல்ட் டென்ஷன் மூன்றையும் பார்க்க வேண்டும். ஆனால் பலர் விட்டுவிடுவது எர்த்தை, அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியைத்தான். இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது, பாடியோடு உலோகத் தொடர்பு கிடையாது. இரண்டையும் இணைப்பது ஒரு எர்த் பட்டைதான். இன்ஜினை இறக்கும்போது அதைக் கழற்றியே ஆக வேண்டும். திரும்ப மாட்டும்போது மறந்துபோனாலோ, பெயின்ட் மேலோ துரு மேலோ வைத்து முடுக்கினாலோ கரண்ட் திரும்பி வர வழி இல்லாமல் தவிக்கும். கியர் கேபிள் உறை சுடுகிற அளவுக்கு அது வேறு வழி தேடிக்கொள்வதும் உண்டு.

மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. என் வண்டியில் 1.4 காட்டியது. அந்த ஒரு எண்ணிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

அதை எடுத்துக்கொண்டு இன்ஜின் மெக்கானிக்கிடம் போனேன். அவரிடம் முதலில் போவதற்குக் காரணம், எந்தக் கப்ளரைக் கழற்றினார், எந்த ஒயரை எங்கே ஒதுக்கிக் கட்டினார் என்பது அவர் கைக்குத்தான் தெரியும். இன்னொருவர் கை வைத்துவிட்டால், "அதுக்கு நான் பொறுப்பில்லைங்க" என்று சொல்ல அவருக்கு நியாயம் கிடைத்துவிடும். கேட்கிற விதமும் முக்கியம். "ஒயரைக் கெடுத்துட்டீங்க" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறியும். "எர்த் பட்டையை எந்த போல்ட்ல போட்டீங்கண்ணே?" என்றேன். குனிந்து பார்த்தவர் ஒன்றும் பேசாமல் உப்புத்தாள் எடுத்துவரச் சொன்னார். பிராக்கெட்டில் இருந்த பெயின்ட்டைத் தேய்த்து முடுக்கியதும் மீட்டர் 0.1-க்கு வந்தது. காசு வாங்கவில்லை.

எர்த்தும் சார்ஜும் சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால் ஆட்டோ எலக்ட்ரீசியன்தான் சரியான ஆள். பிளாக்குக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே நசுங்கிய ஒயர், சூட்டில் மொறுமொறுத்து லாக் உடைந்த கப்ளர், இவற்றைக் கண்டுபிடிக்கும் பொறுமை அவருக்குத்தான் உண்டு. வண்டி நின்றிருக்கும்போதே பேட்டரி இறங்கினால், பூட்டி அரை மணி நேரம் கழித்து எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் ஓடுகிற இன்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய பழக்கம் உள்ளவராக இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அப்போது எகிறும் வோல்டேஜ் இசியுவையே (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கருக்கிவிடலாம்.

இசியுவில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவர்களிடமும் ஒரு எச்சரிக்கை தேவை. பி0335 என்று பிழைக் குறியீடு வந்தால் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை உணரும் சென்சார்) சர்க்யூட்டில் பிரச்சினை என்றுதான் அர்த்தம், சென்சார் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கப்ளர் சரியாக உட்காராவிட்டாலும் அதே குறியீடுதான் வரும். புது சென்சாருக்குக் காசு கொடுக்கும் முன் கப்ளரை ஒருமுறை கழற்றி மாட்டச் சொல்லுங்கள்.

கம்பெனி சர்வீஸின் பலம் அவர்களிடம் இருக்கும் ஒயரிங் வரைபடமும் அந்த மாடலுக்கே உரிய ஸ்கேனரும். காமன் ரெயில் டீசலில் இன்ஜெக்டர்களை (டீசலைப் பீய்ச்சும் பாகங்கள்) மாற்றியிருந்தாலோ, இடம் மாற்றி மாட்டியிருந்தாலோ பல மாடல்களில் ஒவ்வொன்றின் குறியீட்டையும் இசியுவில் எழுத வேண்டும். அந்த வேலைக்கு நேரே அங்கே போவதுதான் சரி. ஆனால் தளர்ந்த ஒரு எர்த் போல்ட்டுக்கு அங்கே வரிசையில் நிற்பதும், வெளிப் பட்டறையில் பிரித்த கதையை விளக்குவதும் தேவையில்லாத அலைச்சல் என்பது என் எண்ணம்.

இந்த வரிசை எதுவும் பொருந்தாத ஒரு நிலை உண்டு. ஒயர் கருகும் வாடை வந்தாலோ, அதே ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போனாலோ பெரிய ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். இன்ஜினை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு, எலக்ட்ரீசியனை வண்டி நிற்கும் இடத்துக்கே வரச் சொல்லுங்கள்.