குறைந்தபட்ச அளவா, நியாயமான திட்டமா?

வீடு, தண்ணீர், மருத்துவம் போன்ற உரிமைகளை நீதிமன்றம் எதை வைத்து அளப்பது? ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் குழு 1990-இல் சொன்ன வழி, குறைந்தபட்ச அளவு, அதாவது ஒவ்வொரு உரிமையிலும் எல்லோருக்கும் கிடைத்தே ஆக வேண்டிய அடிப்படைப் பங்கு: அதைக்கூடத் தராத அரசு, தன்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டதாக நிரூபிக்க வேண்டும். தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் 2000-இல் வீட்டுரிமை பற்றிய குரூட்பூம் வழக்கில் இதை ஏற்கவில்லை. அரசின் திட்டம் நியாயமானதா என்றுதான் பார்த்தது.

இந்த வழிக்கும் பலம் உண்டு. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்கும் நெவிரபின் மருந்துக்கு அரசு போட்ட கட்டுப்பாட்டை 2002-இல் நீக்கியது இதே வாதம்தான்.

ஆனால் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் உள்ள சொவேட்டோவின் ஃபிரி பகுதி மக்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் தண்ணீர் கேட்டார்கள். 2009-இல் நீதிமன்றம் அளவு சொல்ல மறுத்து, இணைப்புக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்ற திட்டமே நியாயம் என்றது. ஒரே குழாயை நம்பி இருபது பேர் இருந்தால்? தலைக்கு நாளுக்குப் பத்து லிட்டர். அதனால் நான் குறைந்தபட்ச அளவின் பக்கம்.