ஒளி ஊடுருவும் மின்கடத்தி: இண்டியமா, கார்பனா?

தொடுதிரை, ஓஎல்இடி விளக்கு, சூரிய மின்கலம் மூன்றுக்கும் மின்சாரத்தைக் கடத்துவதோடு ஒளியையும் மறைக்காத மின்முனை வேண்டும். பல்லாண்டுகளாக அந்த இடத்தில் இருப்பது இண்டியம் டின் ஆக்சைடு, சுருக்கமாக ஐடிஓ. அதன் கடத்துதிறன் சென்டிமீட்டருக்குச் சுமார் 10,000 சீமென்ஸ் (மின்கடத்தலை அளக்கும் அலகு). ஆனால் வளைத்தால் விரிசல் விடும், பூசுவதற்கு வெற்றிடக் கலம் வேண்டும். இண்டியமோ துத்தநாகச் சுத்திகரிப்பில் கிடைக்கும் துணைப்பொருள். தேவை கூடிவிட்டது என்பதற்காக அதை மட்டும் கூடுதலாகத் தோண்டி எடுக்க முடியாது.

கார்பன் பக்கம் எனக்கு அதிக நம்பிக்கை தருவது பெடாட்-பிஎஸ்எஸ் என்ற பாலிமர், அதாவது பிளாஸ்டிக் வகைப் பொருள். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தும் என்று 1977இல் ஷிரகாவா, மெக்டயர்மிட், ஹீகர் மூவரும் காட்டினார்கள்; 2000இல் வேதியியல் நோபல் பரிசு வந்தது. அவர்கள் கையாண்ட பாலிஅசிட்டிலீன் காற்றுப்பட்டாலே கெட்டுவிடும். 1980களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் உருவான பெடாட் அந்தக் குறையைப் பெருமளவு போக்கியது. பிஎஸ்எஸ் என்ற இன்னொரு பாலிமருடன் சேர்ந்தால் நீரில் கலந்த கருநீல மை மாதிரி இருக்கும், அச்சடிக்கலாம், தெளிக்கலாம். அப்படியே பூசினால் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1 சீமென்ஸைக்கூடத் தொடாது. டிஎம்எஸ்ஓ, எத்திலீன் கிளைக்கால் போன்ற கரைப்பான்களைச் சேர்த்துப் பக்குவப்படுத்தினால் 1,000ஐ எட்டும். பிஎஸ்எஸ் அமிலத்தன்மை கொண்டது, ஈரத்தையும் உறிஞ்சும். சாதனத்தின் ஆயுளைக் குறைப்பது பெரும்பாலும் இதுதான்.

ஓரணுத் தடிமனே உள்ள கார்பன் தாளான கிராஃபீனைப் பற்றிய பேச்சு அதன் இன்றைய நிலையைவிட வெகுதூரம் முன்னால் ஓடிவிட்டது. ஓரடுக்கு 2.3 சதவீத ஒளியை மட்டுமே உறிஞ்சுகிறது, அது உண்மையிலேயே அபாரம். ஆனால் சுமார் 1,000 டிகிரி செல்சியஸில் செப்புத் தகட்டின்மேல் வளர்த்து, உரித்து, வேறு பரப்புக்கு மாற்றும்போது சுருக்கமும் கிழிசலும் வந்துவிடுகின்றன. கிராஃபீனைச் சுருட்டியது போன்ற கார்பன் நானோகுழாய்களின் சிக்கல் வேறு: சாதாரணமாகத் தயாரிக்கும் ஒற்றைச்சுவர்க் குழாய்களில் மூன்றில் ஒரு பங்குதான் உலோகத்தைப்போலக் கடத்தும்.

கைபேசிக் கண்ணாடிக்கு நான் இன்றும் ஐடிஓவையே தேர்ந்தெடுப்பேன். அங்கே பாலிமரை மோதவிட்டு, தோற்றுவிட்டது என்று ஒதுக்குவதுதான் எனக்கு வருத்தம். உடலோடு ஒட்டும் உணரிகளிலும் மூளையில் பதிக்கும் மின்முனைகளிலும் ஒளி ஊடுருவுவது பெரும்பாலும் முக்கியமில்லை. நரம்பு பேசுவது அயனிகளால். பெடாட் எலக்ட்ரானோடு அயனியையும் நகரவிடுவதால் மின்மறுப்பு (மாறும் சமிக்ஞைக்கு வரும் தடை) குறைந்து, நலிந்த சமிக்ஞையும் தெளிவாகக் கிடைக்கிறது. ஆய்வுப் பணத்தை நான் முதலில் அங்கேதான் போடுவேன், அதிலும் அந்த மென்படலம் உடலுக்குள் உரிந்துவராமல் ஆண்டுக்கணக்கில் நிற்கச் செய்யும் வேலைக்கு.