கேம்பர் வான் கட்ட ஒரே கராஜா, ஆள் ஆளாகப் பிரித்துக் கொடுப்பதா?

பழைய டொல்பின் வான் ஒன்றைப் படுக்கை, சமையல் மேடை, மின்விளக்கு எல்லாம் சேர்த்துப் பயண வண்டியாக மாற்ற விரும்பும் திருகோணமலைக்காரருக்கு மூன்று வழிகள் உண்டு. முழு வேலையையும் ஊரில் ஒரு கராஜிடம் ஒப்படைக்கலாம். தச்சர், ஒட்டு வேலைக்காரர், வயரிங்காரர் என்று பிரித்துக் கொடுக்கலாம். அல்லது கொழும்புக்குக் கொண்டு போகலாம். நான் கராஜில் தொடங்கி, விலை எட்டாத இடத்துக்குப் போனதும் பாதியில் வண்டியை வெளியே எடுத்து, பிரித்துக் கொடுத்து முடித்தவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

கொழும்பு வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அங்கே பொருளும் கைத்திறனும் உண்டு. ஆனால் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று சுமார் 260 கிலோமீற்றர். வேலை நடக்கும்போது போய்ப் பார்க்க முடியாது. பிறகு ஒரு கதவு இறுகினாலும் அதே தூரம். அங்கே வசிக்க உறவினர் வீடு இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கராஜின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஒரு சாவி, ஒரு ஆள், ஒரு தொகை. அந்த ஒரு தொகையில்தான் சிக்கலும் இருக்கிறது. நான் கொடுத்த கராஜில் வாய்ப்பேச்சில் சொன்ன தொகை, கூரை வேலை முடியும் முன்பே இரண்டு தடவை ஏறியது. பிளைவுட் எத்தனை பலகை, வயர் எத்தனை மீற்றர், கூலி எவ்வளவு என்று கேட்டால், "அண்ணன், மொத்தமாப் பாருங்கோ, பிரிச்சுப் பார்த்தால் கணக்கு வராது" என்பதுதான் பதில். நகரில் கடைகளில் விசாரித்தபோது, கடைசியில் கைக்கு வந்த சிட்டையில் இருந்த பலகை விலை கடை விலையைப் போல் இரு மடங்காக இருந்தது.

ஆனாலும் அதிக விலை ஒன்றுக்காக மட்டும் நான் வண்டியை எடுக்கவில்லை. கறள்தான் பெரிய காரணம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உப்புவெளி, நிலாவெளி போன்ற கடற்கரையோரத்தில் வண்டி நிறுத்தும் எவருக்கும் தீர்ப்புச் சொல்வது இதுதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. நம் கையில் இருக்கும் வான்கள் பெரும்பாலும் வயதானவை. இயந்திரத்தைத் திருத்தலாம், கியர்பெட்டியை மாற்றலாம். தகடு போனால் வண்டி போயிற்று. கேம்பர் வேலை தகட்டில் பல இடங்களில் துளை போடுகிறது, அதன்மேல் பலகையை மூடிவிடுகிறது. அந்தப் பலகைக்குப் பின்னால் நடப்பதைக் கண்ணால் பார்க்க வழியில்லை.

வலப்பக்கப் பலகை ஒன்றை கராஜ்காரர் முன்னிலையிலேயே கழற்றச் சொன்னேன். வெப்பம் தடுக்க அடைத்திருந்த பஞ்சு கையில் ஈரமாக வந்தது. ஒவ்வொரு திருகாணித் துளையையும் சுற்றி மஞ்சள்சிவப்பு வளையம் பிடித்திருந்தது. துளை போட்ட பிறகு, கறள் தடுக்கும் அடிப்பூச்சான பிரைமர் தொடவே இல்லை. அதைவிடக் கேடானது கீழே இருந்தது. பக்கத் தகட்டின் அடியில் நீர் வடிவதற்கென்று தயாரிப்பாளர் விட்டிருந்த துளைகளை, தூசி வராமல் இருக்கட்டும் என்று சிலிக்கன் போட்டு அடைத்திருந்தார்கள். நுவரெலியாக் குளிரில் ஓர் இரவு இருவர் உள்ளே படுத்தால் அவர்கள் மூச்சின் ஈரமே தகட்டின் உட்புறத்தில் வியர்த்து வழியும். அந்த நீருக்குப் போக இடமில்லை. ஒக்டோபர் மழை தொடங்கினால் சொல்லவே வேண்டாம்.

பிரித்துக் கொடுக்கும் வழி இங்கேதான் வெல்லுகிறது. திருக்கடலூர், கொட்பே பக்கம் பைபர் படகு திருத்துபவர்களுக்கு உப்புத் தண்ணீர் என்ன செய்யும் என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கூரைக் காற்றுத் துளையின் விளிம்பை நீர் இறங்காமல் எனக்கு அடைத்துத் தந்தவர் படகு வேலைக்காரர்தான். சிலிக்கனைச் சுரண்டி எடுத்துவிட்டு, படகுக்குப் பாவிக்கும் பொலியுரேதேன் பசையால் ஒட்டினார். துளையின் வெட்டு விளிம்புக்கு முதலில் சிங்க் பிரைமர். தச்சரிடம் நான் வைத்த ஒரே நிபந்தனை, பக்கப் பலகைகள் ஆணியோ பசையோ இல்லாமல் திருகாணியில் மட்டும் நிற்க வேண்டும் என்பது. வருடம் ஒரு தடவை கழற்றிப் பார்க்க முடியாத அலங்காரம் இந்தக் கரையில் வேண்டாம்.

வயரிங்கிலும் அதே கதை. 12 வோல்ட்டில் 60 வாற் குளிர்பெட்டி 5 அம்பியர் இழுக்கும். பற்றரியிலிருந்து 5 மீற்றர் தள்ளி வைத்து 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால், போகவும் வரவும் அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையும். 4 சதுர மில்லிமீற்றர் போட்டால் கால் வோல்ட்டுக்கும் குறைவு. கராஜ் மெல்லிய வயருக்குத் தடித்த வயரின் விலையைப் போட்டிருந்தது. பற்றரிக்கு அருகில் பியூஸ் வைக்கவும் இல்லை.

வண்டியை வெளியே எடுப்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். சண்டை வேண்டாம். வேலைக்காகப் பணம் பாக்கியிருந்தால் வண்டியைத் தடுத்து வைக்கும் உரிமை திருத்துபவருக்குச் சட்டத்தில் உண்டு, ஆகவே சாவியைப் பறிக்கும் எண்ணம் வேண்டாம். முடிந்த வேலை எது, முடியாதது எது என்று படம் எடுத்து, ஒரு தாளில் எழுதி, அவர் முன்னால் வாசித்தேன். முடிந்ததற்கு நியாயமான தொகையைச் சொல்லி, பற்றுச்சீட்டுக் கேட்டேன். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தை நான் அழைக்க நேரவில்லை. பெயரைச் சொன்னதும் தொகை இறங்கியது. கேட்ட அளவுக்கு இறங்கவில்லை. மீதியை வண்டி கையில் வருவதற்கான விலை என்று கொடுத்தேன்.

பிரித்துக் கொடுப்பதில் கஷ்டமும் உண்டு. தச்சர் வரும் நாளில் வயரிங்காரர் வரமாட்டார். ஒருவர் பிழையை மற்றவர் தலையில் போடுவார். நீங்களே மேற்பார்வைக்காரர் ஆக வேண்டும். வேலைக்குப் போகும் ஒருவருக்கு வார இறுதிகள் முழுவதும் போய்விடும். அதற்கு நேரமே இல்லாதவர், வாரந்தோறும் சிட்டை தருவதற்கும் பலகையால் மூடுமுன் தகட்டைக் காட்டுவதற்கும் எழுத்தில் சம்மதிக்கும் கராஜைப் பிடிக்கலாம். அப்படிப்பட்டவை இருக்கின்றன என்று நண்பர்கள் சொல்கிறார்கள், நான் கொடுத்துப் பார்த்ததில்லை.

எரிவாயு இணைப்பை நான் செய்விக்கவில்லை, வெளியே வைத்துச் சமைக்கும் அடுப்புத்தான். லித்தியம் பற்றரியும் என்னிடம் இல்லை. மறுவிற்பனையில் எந்த வழி கூடுதல் விலை தரும் என்றும் என்னால் சொல்ல முடியாது, வண்டியை விற்கும் எண்ணமே எனக்கு இல்லை. ஆசனங்களைக் கழற்றுவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள். எந்தக் கராஜும் அதை உங்களுக்காகச் சுமக்காது.

இப்போது தொடங்குபவர் என்றால் கூரையை முதலில் முடியுங்கள், மழைக்கு முன்பே. தண்ணீரை ஊற்றிப் பார்த்து, உள்ளே ஒரு சொட்டும் இறங்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் தச்சரை உள்ளே விட வேண்டும்.