ஹவாயா, எம்.சி.ஆரா, ஷூவா: மரத்துப்போன பாதத்துக்கு எதைப் போடுவது?

கூடத்துத் தரையில் காசு அகலத்துக்கு ரத்தக் கறை வரிசையாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் அப்பாவின் வலது செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு வெள்ளிக் கம்பித் துண்டு குத்தி நின்றது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீட்டில் கம்பித் துண்டு கிடப்பது அதிசயமில்லை. அது ரப்பரைத் துளைத்து மேலே வந்து, பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில் அரை நாளாவது கீறிக்கொண்டிருந்தும் அவருக்குத் தெரியவில்லை என்பதே என்னைத் திடுக்கிட வைத்தது. “செருப்பு நல்லாத்தானே இருக்குது, கால் ஒண்ணும் வலிக்கலியே” என்றார்.

அவருக்கு வயது 74. நீரிழிவு வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. அந்த மாலைக்குப் பிறகு சேலத்துக் கடைவீதியில் கிடைக்கும் காலணி வகைகளை ஒவ்வொன்றாக வாங்கியும், மருத்துவரிடம் கேட்டும், வீட்டில் பழகிப் பார்த்தும் வந்திருக்கிறேன். ஏற்காட்டில் இருக்கும் என் மாமியாருக்கும் இதே நோய் என்பதால், சமவெளிக்குப் பொருந்துவது மலைக்கும் பொருந்துமா என்ற கேள்வியும் கூடவே வந்தது. இந்த ஒப்பீட்டில் நான் ஒன்றை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொண்டேன்: போட்டுக்கொள்பவர் “சுகமாக இருக்கிறது” என்று சொல்வதைச் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. செருப்பு கடிக்கிறது என்று சொல்ல வேண்டிய நரம்பே நீரிழிவால் மரத்துப்போன பிறகு, “போட்டு நாலு அடி நடந்து பாருங்க” என்று கடைக்காரர் சொல்வதில் பொருள் ஏதுமில்லை.

ஆகவே செருப்புக்கு முன்னால் பாதத்தைச் சோதிக்க வேண்டும். மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தின் பல இடங்களில் வைத்துப் பார்ப்பார்கள். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்றும் கேட்பார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்க, இழை பட்ட போதெல்லாம் “ம்” சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. இழை வளைந்து நிமிர்வதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவர், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று எண்ணி அமைதியாகக் காத்திருக்கிறார். வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனையும் உண்டு. கண்ணை மூடச் சொல்லி, இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஓரிரு விநாடி இறகு பட்டாற்போல் தொட வேண்டும். தேய்க்கவோ அழுத்தவோ கூடாது. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரப் பெயரால் இந்தச் சோதனையை அழைக்கிறார்கள். ஆறும் தெரிந்து, பாதத்தில் வேறு கோளாறும் இல்லாதவர்கள் அளவு சரியான எந்தக் காலணியையும் போட்டுக்கொள்ளலாம்; கீழே நான் எழுதுவது தெரியாதவர்களுக்கு.

ஹவாய்ச் செருப்பின் நன்மைகளை மறுப்பதற்கில்லை: விலை குறைவு, கழுவினால் உடனே காய்ந்துவிடும், குனியாமல் நுழைத்துக்கொள்ளலாம். ஆனால் உணர்ச்சி குறைந்த காலுக்கு அதன் அமைப்பே எதிரி. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே போகும் வார் அங்குள்ள மெல்லிய தோலை அறுக்கிறது. செருப்பு நழுவாமலிருக்க விரல்களை மடக்கிப் பிடித்தே நடப்பதால் விரல் நுனியில் பாரம் ஏறுகிறது. பின்வார் இல்லாததால் செருப்பு கழன்று போனதே தெரியாமல் வெறுங்காலோடு நடந்து போனவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். தேய்ந்த அடியை ஆணி துளைக்கும் என்பதற்கு எங்கள் வீட்டுக் கம்பித் துண்டே போதும்.

ஹவாயைவிட மோசமானது வெறுங்கால். நீரிழிவுப் பாதத்துக்கான பன்னாட்டுப் பணிக்குழுவின் 2023 வழிகாட்டுதல், வீட்டுக்கு உள்ளேயும் வெறுங்காலோடும், வெறும் காலுறையோடும், அடி மெலிந்த செருப்போடும் நடக்க வேண்டாம் என்கிறது. நம் வீடுகளில் இது எளிதில் நடக்கிற காரியமா? வீட்டுக்குள் செருப்பு என்றதும் அம்மா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாசலைத் தாண்டாத தனி ஜோடி ஒன்று, அதுவும் பூசை அறை நிலைப்படியோடு நின்றுவிடும் என்ற உடன்படிக்கையில்தான் சமாதானம் ஆயிற்று.

இடையில் ஒரு தவறும் செய்தேன். அடியெல்லாம் குமிழ் குமிழாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பை, சர்க்கரைக்காரர்களுக்கென்றே செய்தது என்று சொல்லி ஒரு கடையில் விற்றார்கள். நானும் நம்பி வாங்கினேன். நல்ல காலுக்கு அது எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும். மரத்த காலில் ஒவ்வொரு குமிழும் ஓயாமல் ஒரே புள்ளியில் அழுத்துகிறது. பாரத்தைப் பரப்ப வேண்டிய இடத்தில் அது பாரத்தைக் குவிக்கிறது. நான்காம் நாள் பாதத்தில் சிவந்த புள்ளிகளைப் பார்த்ததும் எடுத்துவிட்டேன்.

எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பின் வேலை இதற்கு நேர் மாறானது. நுண்ணறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர் பாதத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப அமுங்கி, ஓரிடத்தில் விழும் பாரத்தைப் பாதம் முழுவதற்கும் பகிர்ந்துவிடுகிறது. இதன் வரலாற்றில் நம் பக்கத்து மலைக்கும் ஓர் இடம் உண்டு. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தபோது, அவர்களுடைய கால் தானாக அழுகிப்போவதில்லை, வலி தெரியாததால் மீண்டும் மீண்டும் காயப்பட்டே அழிகிறது என்பதை நிறுவியவர். உணர்ச்சியற்ற காலுக்கான காலணிகளை உருவாக்குவதில் அவரும் உடன் உழைத்தவர்களும் காட்டிய அக்கறையின் பயனை இன்றைய நீரிழிவு நோயாளிகளும் அனுபவிக்கிறார்கள்.

ஆனால் எம்.சி.ஆர். என்று சீட்டு ஒட்டியதெல்லாம் எம்.சி.ஆர். ஆகிவிடாது. ரப்பரின் மென்மையை ஷோர் என்ற அளவில் சொல்வார்கள். இதற்கு 15 முதல் 20 வரை இருப்பது நல்லது. கடையில் அளவுகருவி கிடையாது என்பதால் நான் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன்: நன்றாக அமுங்கி, விட்டவுடன் பழைய உயரத்துக்கு எழும்ப வேண்டும். மெத்தைக்கு அடியில் முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டியான அடிப்பாகம் இருக்க வேண்டும், எந்த இடத்திலும் ஆணி அடித்திருக்கக் கூடாது, ஒட்டித் தைத்திருக்க வேண்டும், விரலிடுக்கில் வார் போகக் கூடாது, மேல்வார் வெல்க்ரோ வைத்ததாக இருந்தால் மாலையில் கால் வீங்கும்போது தளர்த்திக்கொள்ளலாம், பின்வார் கட்டாயம். இவற்றில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கலாம் என்றால் அழகை விட்டுக்கொடுப்பேன். இதன் பெரிய குறை, மெத்தை நாளடைவில் தட்டையாகிவிடுவது. மேலே பார்க்கப் புதிதாகவே இருக்கும். அழுத்தினால் மரக்கட்டையாக இருக்கும். அப்பாவின் முதல் ஜோடியில் பெருவிரல் மேட்டுக்கு நேர் கீழே கிண்ணம் போலக் குழி விழுந்திருந்தது. அன்றே மாற்றினோம்.

காலை அளவெடுத்துச் செய்து தரும் தனிக் காலணி இதைவிட மேலானதா என்றால், யாருக்கு என்பதைப் பொறுத்தது. விரல் வளைந்தவர்கள், பாத எலும்பு அமைப்பு மாறியவர்கள், விரலோ பாதத்தின் ஒரு பகுதியோ எடுக்கப்பட்டவர்கள், ஒருமுறை புண் வந்து ஆறியவர்கள் ஆகியோருக்கு அதுதான் வழி, கடை எம்.சி.ஆர். அவர்களுக்குப் போதாது. கால் வடிவம் கெடாமல் உணர்ச்சி மட்டும் குறைந்தவருக்கு அவ்வளவு பணம் செலவிடத் தேவையில்லை. அந்தப் பணத்தில் எம்.சி.ஆர். ஜோடிகளைக் காலத்தோடு மாற்றுவதே உத்தமம் என்பது என் கருத்து.

மூடிய ஷூவைச் சேலத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் ஷூவுக்குள் கால் வேர்த்து ஊறி, விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்துவிடுகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்குப் போனால் கதை மாறுகிறது. காபித் தோட்டத்துப் பாதையில் சருகும் சுள்ளியும் ஈரமும், மழைக்காலத்தில் அட்டையும் உண்டு. அங்கே திறந்த செருப்பு பாதத்தைக் காக்காது. மாமியாருக்கு முன்பக்கம் அகன்ற, உள்ளே தையல் துருத்தாத ஷூவும், மேற்பட்டை இறுக்காத வெளிர்நிறப் பருத்திக் காலுறையும் வாங்கினோம். கசிவு இருந்தால் வெளிர் துணியில் உடனே தெரிந்துவிடும். ஷூவின் உள்நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். மாலை நேரத்தில்தான் அளவு பார்க்க வேண்டும். அவரை நிற்க வைத்துப் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து வெட்டிக் கடைக்கு எடுத்துப் போனோம். காகிதம் உள்ளே மடங்கிய ஷூக்களை அவர் “பரவாயில்லை, பிடிக்குது” என்று சொல்லியும் திருப்பிக் கொடுத்தேன். போடும் முன் உள்ளே கைவிட்டுப் பார்ப்பது ஷூவுக்கு இன்றியமையாதது. ஒருநாள் காய்ந்த காபிக் கொட்டை ஒன்று கிடைத்தது.

மலையில் காலணியைவிடப் பெரிய ஆபத்து கணப்பு. குளிருக்குக் காலை நெருப்போரம் நீட்டுவது, வெந்நீர்ப் பையைப் பாதத்தடியில் வைத்துக்கொண்டு தூங்குவது ஆகிய இரண்டும் சூடு உறைக்காத காலில் கொப்புளமாக முடியும். கால் கழுவும் நீர்கூட 37 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதால், காலை வைக்கும் முன் முழங்கையால் தொட்டுப் பார்க்கப் பழக்கினோம். தளர்வான கம்பளிக் காலுறையும் போர்வையும் சற்று மெதுவாகக் கதகதப்பைத் தரும், ஆனால் சுடாது. கால் சில்லிட்டிருப்பதற்குக் குளிர்தான் காரணம் என்று மலையில் எல்லாரும் சொல்லிவிடுவது இன்னொரு சிக்கல். ஒரு கால் மட்டும் சில்லிட்டிருந்தாலோ, தோல் பளபளத்து முடி உதிர்ந்திருந்தாலோ, நடந்தால் கெண்டைக்கால் பிடித்து நின்றால் விட்டாலோ ரத்தக்குழாய் அடைப்பு இருக்கலாம். அதைப் போர்வை தீர்க்காது.

எண்ணெய், நகம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பித்தவெடிப்புக்கு யூரியா கலந்த களிம்பு தடித்த தோலை இளக்குவதில் தேங்காய் எண்ணெயைவிட வேகமானது. சாதாரண வறட்சிக்குத் தேங்காய் எண்ணெயே போதும். எதுவாயினும் விரலிடுக்கில் தடவக் கூடாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும், மூலையைத் தோண்டக் கூடாது. கண் மங்கியவர் தாமே வெட்டிக்கொள்வதைவிட வீட்டில் ஒருவர் வெட்டிவிடுவதும், நகம் தடித்துவிட்டால் மருத்துவமனையில் வெட்டிக்கொள்வதும் மேல். கால் ஆணிக்கு மருந்துக் கடையில் கேட்டதும் தரும் கார்ன் கேப்பில் தோலை அரிக்கும் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. அது ஆணியோடு நிற்காமல் நல்ல தோலையும் தின்னும். பிளேடு அதைவிட மோசம். கொலுசு செய்து பிழைக்கும் வீட்டுக்காரனே சொல்கிறேன்: கால் வீங்கும் பெண்கள் இறுகிய மெட்டியையும் கொலுசையும் கழற்றி வைத்துவிடலாம்.

கோயிலுக்குத்தான் சரியான மாற்று இல்லை. ஆடியில் கோட்டை மாரியம்மனைப் பார்க்க அப்பா போகாமல் இருக்க மாட்டார். கருங்கல் தளம் காயும் முன் விடியற்காலையில் போய்வருவது, வாசல்வரை செருப்போடு சென்று திரும்பியதும் பாதத்தைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். தைப்பூசத்துக்கு எடப்பாடிக்காரர்களோடு பழனிக்குப் பாதயாத்திரை போகும் ஆசையை மட்டும் மருத்துவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

கம்பி குத்திய புண் ஆற ஏழு வாரமாயிற்று. அடிப்பாதப் புண்ணுக்கு எந்த நல்ல செருப்பும் மருந்தாகாது. அந்த இடத்தில் பாரமே விழக் கூடாது. கழற்ற முடியாதபடி முழங்கால்வரை போடும் மாவுக்கட்டு, கழற்றக்கூடிய காலணியைவிட நன்றாக ஆற்றுகிறது. கழற்ற முடிந்ததை யாரும் கழற்றிவிடுவார்கள் என்பதே காரணம். ரத்த ஓட்டம் குறைந்தவருக்கும் கிருமித் தொற்று உள்ளவருக்கும் அந்தக் கட்டு ஆகுமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இப்போது இரவு எட்டு மணிக்கு, பட்டறை விளக்கை அணைக்கும் முன், செருப்புகளைக் கவிழ்த்து விளக்கடியில் அடியைப் பார்க்கிறேன். பிறகு அப்பாவின் பாதம். பின்வாரை மட்டும் அவர் இன்னும் பல நாள் மடித்து மிதித்துக்கொண்டுதான் நடக்கிறார். கேட்டால், பட்டறைக்கும் வீட்டுக்கும் பத்தடிதானே என்கிறார்.